டிரெய்னர் சொன்னா கேக்குறான், நாங்க சொன்னா கண்டுக்கவே மாட்டேங்குறான், தொடர்றதா விடுறதா?

புதுமழை:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்ல ஒரு லேப்ரடார் கலப்பு நாய் இருக்கான், பேரு ப்ரூனோ, ஒன்பது மாசம் ஆகப்போகுது. குட்டியா இருந்தப்ப அவ்ளோ சமத்து, கூப்பிட்டா ஓடி வருவான், உக்காருன்னா உக்காருவான். இப்ப கொஞ்ச நாளா கையில அடங்க மாட்டேங்குறான். பெல் அடிச்சா போதும், வர்றவங்க மேல ஒரே பாய்ச்சல், கடிக்கிறதுக்கெல்லாம் இல்ல, சந்தோஷம் தாங்காம தான் பாயுறான், ஆனா அம்மாவுக்கு முட்டிவலி, இவன் வெயிட்டுக்கு அவங்க மேல ஏறினா என்ன ஆகும்னு நெனச்சாலே பக்குனு இருக்கு. வாக்கிங் போனா தோள்பட்டை கழண்டு வர்ற மாதிரி இழுக்குறான், எதிர்ல இன்னொரு நாய் வந்துட்டா பின்னங்கால்ல எழும்பி நின்னுகிட்டு குலைக்கிறான், சமாதானப்படுத்தவே முடியல.

அதனால ஒரு டிரெய்னர ஏற்பாடு பண்ணினோம். வாரத்துக்கு ரெண்டு தடவ வர்றார். நல்ல மனுஷன், அடிக்கிறது மிரட்டுறது எதுவும் இல்ல, ப்ரூனோவும் அவர பாத்தா வாலாட்டிகிட்டு ஓடுவான். அவர் கையில லீஷ் இருந்தா அப்படியே காலோட ஒட்டி நடக்குறான், ஜன்னல் வழியா பாக்குறப்ப இவன் நம்ம ப்ரூனோ தானான்னு இருக்கு. அவர் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்துலயே பழைய குருடி கதவத் திறடி தான். அவர் வந்திருக்கப்ப நாங்க யாரும் பக்கத்துல இருக்கக்கூடாதுன்னு சொல்லிட்டார், வீட்டு ஆளுங்க இருந்தா நாய்க்கு கவனம் சிதறுமாம்.

இப்ப அவர் ரெண்டு விஷயம் சொல்றார். ஒண்ணு, ஒரு மாசம் அவர் இடத்துலயே விட்டுடணும், முழுசா மாத்தி கொண்டுவந்து தர்றேங்குறார். இன்னொண்ணு சோக் செயின், இழுத்தா கழுத்த இறுக்குற சங்கிலி, அது போட்டா தான் இழுக்குறது நிக்கும், இவன் உங்கள தலைவனா ஏத்துக்கல, நீங்க தான் ஆல்ஃபான்னு காட்டணும்னு சொல்றார். அப்பாவுக்கு அனுப்பிடலாம்னு தோணுது, எனக்கு மனசு வரல, ஆனா மனசு வரலங்கிறத மட்டும் வெச்சு முடிவெடுக்கவும் பயமா இருக்கு. டிரெய்னர் வெச்சு பழக்கினவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, இவர்கிட்டயே தொடரலாமா, வேற ஆள் பாக்கணுமா, நான் அவர்கிட்ட என்ன கேக்கணும்?

---

நாலுகால்:

சிஸ், நீங்க எழுதினதுல எனக்கு முதல்ல உறுத்தினது சோக் செயின் இல்ல, நீங்க எல்லாரும் ஜன்னல் வழியா பாத்துகிட்டு இருக்கீங்கங்கிறது தான். அதுக்கு அப்புறம் வர்றேன்.

எங்க வீட்லயும் ஒரு முரடி இருந்தா, அவளுக்கும் டிரெய்னர் வந்தாங்க, அந்த அம்மா முதல் நாள் நாய தொடவே இல்ல. லீஷ என் கையில குடுத்து நடங்கன்னாங்க, ஒரு ஓரமா நின்னு என்னையே பாத்துகிட்டு இருந்தாங்க. திரும்பி வந்ததும் சொன்னது ஒண்ணே ஒண்ணு தான், "தூரத்துல நாய் தெரிஞ்சதும் உங்க நாய் பாக்குறதுக்கு முன்னாடியே நீங்க லீஷ ரெண்டு சுத்து கையில சுத்திக்கிறீங்க." எனக்கு அப்படி செஞ்சதே தெரியாது. ஆனா அவளுக்கு தெரிஞ்சிருக்கு, கழுத்துல இறுக்கம் வந்தா எங்கயோ நாய் வருதுன்னு அர்த்தம்னு கத்துகிட்டு இருக்கா, அதனால அவ நாய பாக்குறதுக்கு முன்னாடியே உடம்பு விறைச்சுடும். இத எந்த டிரெய்னரும் நாய மட்டும் தனியா கூட்டிட்டு போய் சரி பண்ண முடியாது, ஏன்னா அவர் கை சுத்தாது, என் கை தான் சுத்தும்.

அதனால டிரெய்னர் கையில நாய் எப்படி நடக்குதுங்கிறத வெச்சு ரிசல்ட்ட பாக்காதீங்க. அது அவருக்கு வேலை தெரியும்ங்கிறதுக்கு அடையாளம், அவ்ளோ தான். உங்க கையில, உங்க அம்மா பக்கத்துல நிக்கிறப்ப எப்படி இருக்குங்கிறது தான் நீங்க வாங்க வேண்டிய ரிசல்ட். ஆரம்பத்துல ரெண்டு மூணு தடவ அவர் தனியா பழகுறது சரி தான், நாய்க்கு ஆள் பழகணும், அவருக்கும் நாய் புரியணும். அதுக்கப்புறமும் வீட்டு ஆளுங்க வேண்டாம்னா அது சரியா வராது, நாய்க்கு கவனம் சிதறுதுன்னா அந்த சிதறல்ல தான் அது கத்துக்கணும், நீங்க இல்லாத வீட்ல அது வாழப்போறது இல்லையே.

டைமிங்னு ஒண்ணு இருக்கு, அத வீடியோ பாத்தெல்லாம் கத்துக்க முடியல, பக்கத்துல ஆள் நின்னு சொன்னா தான் வருது. நாய் உக்காருது, நீங்க ட்ரீட் எடுக்க பாக்கெட்ல கைய விடுறீங்க, தேடுறீங்க, அதுக்குள்ள அது எழுந்து உங்க மேல கால வெக்குது, அப்ப தான் ட்ரீட் வாய்க்கு போகுது. நீங்க உக்காந்ததுக்கு குடுத்ததா நெனைப்பீங்க, நாய் கணக்குல கால் வெச்சதுக்கு தான் கெடச்சுது. அதுக்காக தான் க்ளிக்கர்னு அழுத்தினா 'க்ளிக்'னு சத்தம் வர்ற ஒரு சின்ன கருவி வெச்சிருப்பாங்க, இல்லன்னா "எஸ்"ன்னு ஒரு சின்ன சொல்லு, சரியான அந்த நொடியில சொல்லிட்டு அப்புறம் ஒரு நொடி ரெண்டு நொடி கழிச்சு குடுத்தாலும் நாய்க்கு எதுக்குன்னு புரிஞ்சுடும். முதல்ல நாய் இல்லாம சும்மா ஒரு பந்த மேல தூக்கிப் போட்டு அது தரைய தொடுற நொடியில க்ளிக் பண்ண சொன்னாங்க, சுலபம்னு தோணும், செஞ்சு பாருங்க.

---

தெருமுனை:

சோக் செயின் வேண்டாம். அவ்ளோ தான் என் கருத்து, ஆனா ஏன்னு சொல்லணும்ல.

இந்த ஆல்ஃபா கதை எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்தீங்கன்னா, 1947ல ருடால்ஃப் ஷெங்கெல்னு ஒருத்தர் மிருகக்காட்சி சாலையில அடைச்சு வெச்சிருந்த ஓநாய்ங்கள பாத்து எழுதினது, ஒரே இடத்துல ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத ஓநாய்ங்கள போட்டா சண்டை போட தான செய்யும். அப்புறம் டேவிட் மெக்னு ஒரு ஓநாய் ஆராய்ச்சியாளர் 1970ல எழுதின புத்தகத்தால அது இன்னும் பரவுச்சு. அதே மெக் 1999ல எழுதுறார், காட்டுல ஓநாய்க் கூட்டம்னா பெரும்பாலும் ஒரு அப்பா ஒரு அம்மா அவங்க குட்டிங்க, சண்டை போட்டு தலைவனாகுற கதையெல்லாம் அதுக்கு பொருந்தாதுன்னு. சொன்னவரே திருத்திகிட்டார், ஆனா அந்த வார்த்தை மட்டும் இன்னும் டிரெய்னருங்க வாயில சுத்திகிட்டே இருக்கு. அதுவும் அது ஓநாய், நம்ம கிட்ட இருக்குறது நாய்.

ப்ரூனோ இழுக்குறான்னா தலைவனாகணும்னு இல்ல சகோ, இழுத்தா போக வேண்டிய இடத்துக்கு சீக்கிரம் போக முடியுது, அது தான் காரணம். இழுக்குறப்பல்லாம் நாமளும் பின்னாடியே ஓடுறோம்ல, அப்ப இழுக்குறது பலிக்குதுன்னு தான அர்த்தம்.

செயினால இழுக்குறது நிக்கலாம், இல்லன்னு சொல்லல. ஆனா இன்னொரு நாய பாக்குற நேரத்துல எல்லாம் கழுத்து நெரிபட்டுச்சுன்னா, நாய் வந்தா வலிக்கும்னு அது முடிச்சு போட்டுக்கும். இப்ப போய் விளையாடணும்னு குலைக்கிறவன் நாளைக்கு பயத்துல குலைப்பான். 2020ல ப்ளாஸ் ஒன் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, 92 வளர்ப்பு நாய்ங்கள எடுத்து, தண்டனை கலந்து பழக்குற இடத்து நாய்ங்களயும் ட்ரீட் குடுத்து மட்டும் பழக்குற இடத்து நாய்ங்களயும் ஒப்பிட்டு பாத்தாங்க, தண்டனை பக்கம் இருந்த நாய்ங்களுக்கு பயிற்சி நேரத்துல டென்ஷன் அறிகுறி அதிகம், எச்சில்ல கார்ட்டிசோல்ங்கிற டென்ஷன் ஹார்மோனும் ஏறியிருந்துச்சு. அமெரிக்க கால்நடை நடத்தை மருத்துவர் சங்கமும் 2021 அறிக்கையில, முரட்டு நாயா இருந்தாலும் பரிசு குடுத்து பழக்குற முறைய தான் பயன்படுத்தணும்னு எழுதியிருக்காங்க. இத அவர்கிட்ட காட்டி சண்டை போட சொல்லல, செயின் வேண்டாம் வேற வழி சொல்லுங்கன்னு அமைதியா கேளுங்க. முன்பக்கம் நெஞ்சுல கொக்கி இருக்குற ஹார்னஸ், அதாவது கழுத்துக்கு பதிலா உடம்புல மாட்டுற பட்டை, கிடைக்கும், இழுத்தா உடம்பு பக்கவாட்டுல திரும்பிடும், பழக்குற வரைக்கும் கைக்கு தாங்கும்.

---

செவலை_ரசிகை:

நான் இதே வேலை தான் பாக்குறேன்மா, நாய் பழக்குற வேலை. உங்க டிரெய்னர நான் பாத்ததில்ல, அதனால அவர பத்தி தப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன், நாய் வாலாட்டிட்டு அவர்கிட்ட ஓடுதுன்னு நீங்க எழுதினது எனக்கு பெரிய நம்பிக்கையா இருக்கு. வேலை தெரிஞ்ச ஆள், பழைய பாடத்துல படிச்சிருக்கார் போல.

முதல்ல வெட்கிட்ட, அதான் கால்நடை டாக்டர்கிட்ட, காட்டிட்டீங்களா? நான் எந்த நாய எடுத்தாலும் இத தான் முதல்ல கேப்பேன். கொஞ்ச நாள்ல குணம் மாறுச்சுன்னா எங்கயாவது வலி இருக்கான்னு பாத்துடணும், காதுல புண்ணு, இடுப்பு மூட்டு, வயிறு, எதுவா வேணா இருக்கலாம். லேப் இனத்துக்கு இடுப்பு மூட்டு, முழங்கை மூட்டு பிரச்சனை வர்றது உண்டு. ஹார்னஸ் மாட்டுறப்ப விலகுறானா, படியேற தயங்குறானா, தூங்கி எழுந்ததும் ஒரு காலு நொண்டுறானான்னு கவனிச்சு டாக்டர்கிட்ட சொல்லுங்க. வலியோட இருக்குற நாய எவ்ளோ பழக்கினாலும் பிரயோஜனம் இல்ல.

அடுத்து வயசு. 2020ல பயாலஜி லெட்டர்ஸ் இதழ்ல வந்த ஆய்வு ஒண்ணு உங்க வீட்டு கதைய அப்படியே சொல்லும். வழிகாட்டி நாயா வளர்க்குற லேப், கோல்டன் ரிட்ரீவர், ரெண்டும் கலந்த குட்டிங்கள அஞ்சு மாசத்துலயும் எட்டு மாசத்துலயும் உக்கார சொல்லி பாத்தாங்க. எட்டு மாசத்துல வளர்க்குறவங்க சொன்னா கேக்குறது குறைஞ்சுது, ஆனா தெரியாத ஆள் சொன்னா அந்த மாதிரி குறையல. ஒரு வயசு வாக்குல பழையபடி திரும்பிடுச்சு. ப்ரூனோ உங்கள மதிக்காம இல்லம்மா, அவன் வயசு அப்படி. டிரெய்னர் வெளியாளுங்கிறதால அவருக்கு அதுலயே பாதி வேலை மிச்சம், அது அவரே கவனிச்சிருக்காரான்னு தெரியல. இந்த சமயத்துல தான் நிறைய பேர் வெறுத்துப் போய் நாய கொண்டுபோய் விட்டுடுறாங்க, எனக்கு ரொம்ப மனசு கஷ்டமா இருக்கும், இன்னும் கொஞ்ச மாசம் தாக்குப்பிடிச்சா போதும்ங்கிற நாய்ங்க அதெல்லாம்.

ஒரு மாசம் அனுப்புறத பத்தி. நாய் ஒரு விஷயத்த கத்துகிட்டா அந்த இடம், அந்த ஆள், அந்த சத்தம் எல்லாத்தோடயும் சேத்து தான் கத்துக்கும். அவர் இடத்துல உங்க வீட்டு பெல் இல்ல, உங்க அம்மா இல்ல, உங்க தெரு இல்ல. அங்க கத்துகிட்டு வந்தாலும் இங்க மறுபடி ஒரு சுத்து சொல்லிக்குடுத்தே ஆகணும். அனுப்பவே கூடாதுன்னு இல்ல, அனுப்புனா முன்னாடியே சில விஷயம் பேசிக்கணும், சொல்லாம கொள்ளாம வந்து பாக்கலாமா, ராத்திரி யார் கூட இருப்பான், எத்தனை நாய் ஒண்ணா இருக்கும், தப்பு பண்ணினா என்ன செய்வீங்க, திரும்பி வந்தப்புறம் எங்க வீட்ல எத்தனை கிளாஸ் எங்களுக்கு எடுப்பீங்க. கடைசி கேள்விக்கு பதில் வரலன்னா அனுப்பாதீங்க. ஒன்பது மாசத்துல புது இடத்துல பயந்துட்டா அத சரி பண்றது தனி வேலையா போயிடும்.

எந்த டிரெய்னர்கிட்டயும் நீங்க கேக்க வேண்டியது மூணு கேள்வி தான். நாய் சரியா செஞ்சா என்ன நடக்கும்? தப்பா செஞ்சா என்ன நடக்கும்? இதே விஷயத்த நாய்க்கு இன்னும் லேசான வழியில சொல்லிக்குடுக்க முடியுமா? மூணாவதுக்கு முடியாதுன்னு பட்டுனு சொல்றவர்கிட்ட இருந்து நான் நாய வாங்கிட்டு வந்துடுவேன். அதே மாதிரி ஒரு மாசத்துல முழுசா மாத்தி தர்றேன்னு வாக்கு குடுக்குறதும் எனக்கு ஒப்பல, உயிருள்ள ஜீவனுக்கு நாள் குறிச்சு உத்தரவாதம் யாராலயும் தர முடியாது. பெரும்பாலான நாடுகள்ல நாய் டிரெய்னர்னு போர்டு வெக்க எந்த லைசென்ஸும் தேவையில்ல, அதனால சர்டிபிகேட் இருக்கான்னு கேக்குறதுல தப்பே இல்ல, சிபிடிடி மாதிரி சிலது பரீட்சை எழுதணும், எழுதுறதுக்கே 300 மணி நேரம் பழக்கின அனுபவம் காட்டணும். அது இல்லாம அருமையா பழக்குற ஆளுங்களும் இருக்காங்க, அதனால கண்ணால ஒரு கிளாஸ் பாத்துட்டு முடிவு பண்ணுங்க, வேற ஒரு நாய்க்கு எடுக்குற கிளாஸ பாக்க விடுவாரான்னு கேளுங்க. அந்த நாயோட வால பாருங்க, காத பாருங்க. ஒடுங்கி போய் உதட்ட நக்கிகிட்டு கொட்டாவி விட்டுகிட்டு இருந்தா அது அடங்கி இருக்குறது இல்ல, பயந்து இருக்குறது.

---

புதுமழை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒவ்வொண்ணையும் அப்பாவுக்கு படிச்சு காட்டினேன். வெட்கிட்ட காட்டியாச்சு, மூட்டு எல்லாம் நல்லாருக்கு, ஒரு காதுல மட்டும் லேசா இன்ஃபெக்ஷன், சொட்டு மருந்து குடுத்திருக்காங்க.

டிரெய்னர்கிட்டயும் பேசினேன். கோவிச்சுப்பார்னு பயந்தேன், இல்ல. ஒரு மாசம் அனுப்பல, செயினும் வேண்டாம், நாங்களும் கூட இருக்கோம்னு சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, அப்ப நாளாகும், உங்க வீட்ல எல்லாரும் நான் சொல்றத ஒரே மாதிரி செய்யணும், அதுக்கு ரெடியான்னு கேட்டார். சரின்னேன். செயின் விஷயத்துல அவர் மனசு மாறின மாதிரி தெரியல, ஆனா எங்க நாய்க்கு போட மாட்டேன்னுட்டார்.

நேத்து கிளாஸ்ல லீஷ என் கையில குடுத்தார். நாலுகால் சொன்ன மாதிரியே அவர் என்னையே தான் பாத்தார். தூரத்துல ஒரு நாய் நின்னுச்சு, ப்ரூனோ காத நிமித்தினான், இன்னும் குலைக்கல, அப்பவே "எஸ்" சொல்லுங்கன்னார், சொன்னேன், அவன் சட்டுனு என் பக்கம் திரும்பினான், ட்ரீட் குடுத்தேன். மறுபடி அந்த நாய பாத்தான், எஸ், திரும்பினான். அப்படியே கொஞ்ச நேரம் போச்சு. அந்த நாய் கொஞ்சம் கிட்ட வந்ததும் முடியல, கத்த ஆரம்பிச்சுட்டான், அவர் உடனே திரும்பி நடங்க, திட்டாதீங்கன்னார். இருந்தாலும் அவன் தானா என்னைய திரும்பி பாத்தான் பாருங்க, எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

இப்ப பிரச்சனை அப்பா. பெல் அடிச்சா மேல தாவுறத கண்டுக்காம விடணும், நாலு காலும் தரையில இருந்தா தான் கொஞ்சணும்னு எல்லாருக்கும் சொல்லியிருக்கோம். அப்பா ஆபீஸ் விட்டு வந்ததும் அவன் மேல தாவினா பாவம் நாள் பூரா காத்துகிட்டு இருந்தான்னு கட்டிப்புடிச்சுக்குறார். நாங்க கண்டுக்காம நின்னா முன்ன விட அதிகமா தாவுறான், குலைக்க வேற செய்றான். இது சரியான வழி தானா?

---

செவலை_ரசிகை:

படிக்கவே சந்தோஷமா இருக்கும்மா. அவர் தூரத்த வெச்சு வேலை செய்றார், அதுவும் குலைக்குறதுக்கு முன்னாடியே பிடிக்க சொல்றார்னா அவர் கிட்ட விஷயம் இருக்கு, விட்டுடாதீங்க. கத்த ஆரம்பிச்சான்னா அந்த தூரம் அவனுக்கு பத்தல, அவ்ளோ தான், அடுத்த தடவ இன்னும் தள்ளி நின்னு ஆரம்பிங்க. ஒரே நடையில வரிசையா மூணு நாயும் ஒரு வண்டி ஹாரனும் வந்துட்டா அன்னைக்கு பயிற்சி வேண்டாம், அவன் உள்ளுக்குள்ள ஏறிப்போயிருப்பான், வீட்டுக்கு கூட்டிட்டு வந்து மோப்பம் பிடிச்சு தேடுற மாதிரி எதாவது குடுங்க, அது அவன இறக்கிவிடும்.

கண்டுக்காம விட்டா முதல்ல அதிகமாகும், அது எதிர்பார்க்குறது தான். இத்தன நாளா பலிச்ச வேலை இன்னைக்கு பலிக்கலன்னா இன்னும் கொஞ்சம் பலமா செஞ்சு பாப்பான். அந்த நேரத்துல யாராவது ஒருத்தர் இளகி கொஞ்சிட்டா, பலமா செஞ்சா கெடைக்கும்னு கத்துக்குவான். பத்துல ஒரு தடவ கெடைச்சாலும் போதும், எப்பவும் கெடைக்கிறத விட எப்பவாவது கெடைக்கிறது தான் பழக்கத்த கெட்டிப்படுத்தும். அப்பாகிட்ட கொஞ்சாதீங்கன்னு சொல்லாதீங்க, அது நடக்காது, பாசத்துல செய்றார். கொஞ்சுங்க, ஆனா கீழ உக்காந்து கொஞ்சுங்கன்னு சொல்லுங்க. அவர் வாசல்லயே குனிஞ்சு உக்காந்துட்டா இவனுக்கு தாவ வேண்டிய தேவையே இல்ல, முகம் கிட்டயே இருக்குல்ல.

---

நாலுகால்:

கண்டுக்காம விடுறது மட்டும் பத்தாது சிஸ், தாவுறதுக்கு பதிலா என்ன செய்யணும்னு ஒண்ணு அவனுக்கு சொல்லிக்குடுக்கணும். எங்களுக்கு வேலை செஞ்சது பாய். வாசல்ல இருந்து கொஞ்சம் தள்ளி ஒரு பாய் போட்டு, முதல்ல பெல் எதுவும் இல்லாம பாய்ல கால வெச்சாலே ட்ரீட், அப்புறம் உக்காந்தா, அப்புறம் படுத்தா. அது நல்லா பதிஞ்சப்புறம் தான் பெல். பெல் சத்தத்த போன்ல ரெக்கார்ட் பண்ணி ரொம்ப சின்ன சத்தத்துல வெச்சு, அது கேட்டா பாய், பாய்க்கு போனா ட்ரீட், நாளாக நாளாக சத்தத்த ஏத்தணும். நிஜ ஆள் வர்றது கடைசி கட்டம், அதுக்கு தெரிஞ்ச ஒருத்தர சொல்லி வெச்சு வரவெச்சு செய்ங்க, உங்க டிரெய்னரே வெளிய போய் பெல் அடிச்சா இன்னும் நல்லது.

அது வரைக்கும் அம்மா கதவு தெறக்க வேண்டாம். குழந்தைங்களுக்கு போடுற கேட் மாதிரி ஒண்ணு ஹால் வழியில மாட்டிடுங்க, இல்ல ஆள் வர்ற நேரம் லீஷ யாராவது பிடிச்சுக்கங்க. தாவுற வாய்ப்பே கெடைக்காத ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு லாபம்.

---

புதுமழை:

கேட் ஐடியா சூப்பர், நாளைக்கே மாட்டிடுறேன். அப்பா இன்னைக்கு சாயந்திரம் வாசப்படியில உக்காந்து தான் கொஞ்சினார், தாவல, மடியில ஏறி படுத்துகிட்டான், அது பரவால்லல்ல? பாய்க்கு ஒரு சந்தேகம், அவன் பாய கடிச்சு இழுக்குறான், கெட்டியான துணி எதாவது போடலாமா?

---

நாலுகால்:

மடி பரவால்ல, அம்மா மடி மட்டும் வேண்டாம். பாய் கடிச்சான்னா எடுத்து வெச்சுடுங்க, பயிற்சி நேரத்துக்கு மட்டும் விரிங்க, அஞ்சு நிமிஷம் முடிஞ்சதும் சுருட்டி மேல. அடியில வழுக்காத ரப்பர் இருக்குற கால்மிதி இன்னும் வசதி, ஓடி வந்து ஏறுறப்ப சறுக்காது.